கழிவு நீரில் எரிபொருள்: யாழ்ப்பாண வியாபாரிக்கு ஆதாயம் எங்கே?

"நானா, சோறு வடிச்ச கஞ்சித் தண்ணியில பக்டீரியாவ விட்டு ஐதரசன் காஸ் எடுக்கலாம் எண்டு சொல்லுறாங்களே, உண்மைதானா?"

சோனகதெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு சகோதரர் கேட்ட கேள்வி இது. அவர் மட்டுமல்ல, அரிசி ஆலை வைத்திருப்பவர், பழரசம் செய்து போத்தலில் அடைப்பவர், இறைச்சி வியாபாரம் செய்பவர் என்று வேறு சிலரும் இதே விடயத்தைப் பற்றி என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். விசாரிப்பதில் வியப்பில்லை. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் காஸுக்கு வரிசையில் நின்றதை எந்த வியாபாரியும் மறந்திருக்க முடியாது. அந்த வருடம் ஏப்ரல் இறுதியில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை கொழும்பில் 4,860 ரூபாவுக்கு ஏறியது. விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. கடைகள் மூடப்பட்டன, சில கடைகள் விறகுக்குத் திரும்பின. எனவே, வாய்க்காலில் கொட்டும் தண்ணீரிலிருந்தே எரிபொருள் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேட்கத்தான் தோன்றும்.

கேட்டவருக்கு நான் சொன்ன பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடயம் உண்மை. ஆனால் அதில் வியாபாரிக்கு உடனே கிடைக்கும் ஆதாயம் ஐதரசனில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

கொட்டும் தண்ணீர் எங்கே போகிறது?

எரிபொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும். ஏனைய மாவட்டங்களில் கழிவு நீர் ஆற்றில் கலந்து கடலுக்குப் போய்விடுகிறது. அது சரியென்று சொல்லவில்லை, ஆனால் கொட்டியவரின் கண்ணை விட்டாவது மறைந்துவிடுகிறது. இங்கே அப்படியல்ல. நம் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். அதில் ஓட்டைகளும் வெடிப்புகளும் குகை போன்ற வழிகளும் நிறைய உண்டு. நிலாவரைக் கிணறு அப்படி உண்டானதுதான். அதன் மேற்பகுதியில் நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. குடாநாட்டின் நல்ல தண்ணீர் முழுவதும் இவ்வாறே கடல் நீருக்கு மேலே மெல்லிய வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, கடையின் பின்புறக் குழியில் நாம் ஊற்றும் கஞ்சித் தண்ணீரும், பாத்திரம் கழுவிய தண்ணீரும், இறைச்சி கழுவிய தண்ணீரும் வடிகட்டப்படாமலே கீழே இறங்குகின்றன. கீழே இறங்கியதை நாமோ, பக்கத்து வளவுக்காரரோ மீண்டும் வாளியிலோ மோட்டரிலோ மேலே எடுக்கிறோம். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் இதற்கு முதன்மைக் காரணங்கள். வியாபாரக் கழிவு நீரும் தன் பங்குக்குச் சேர்க்கிறது.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின்னர் மெல்ல மெல்லத் திரும்பி வந்து தொழிலை மீண்டும் தொடங்கியிருக்கும் நம்மவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. வளவுகள் சிறியவை. அடுக்களை, கிணறு, குழி மூன்றும் சில அடிகளுக்குள் இருக்கின்றன. குடிதண்ணீரைப் போத்தலிலும் பவுசரிலும் விலை கொடுத்து வாங்கும் கடைக்காரர், அந்தச் செலவில் ஒரு பகுதி தன் பின்வளவுக் குழியிலிருந்து வருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கழிவு நீரைக் கொட்டுவது இலவசம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கான பட்டியல் வேறு பெயரில் வந்துகொண்டிருக்கிறது.

பக்டீரியா செய்யும் வேலை

இனி விடயத்துக்கு வருவோம். அரிசி ஆலையில் நெல்லை அவிப்பதற்கு ஊறவைக்கும் தொட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் போனதும் தண்ணீர் புளித்து மணக்கும், குமிழிகள் மேலே வரும். நெல்லிலிருந்து கரைந்த மாப்பொருளையும் சீனியையும் பக்டீரியாக்கள் தின்பதன் அறிகுறிதான் அது. காற்றுப் புகாத இடத்தில் சில வகைப் பக்டீரியாக்கள் சீனியைத் தின்னும்போது மூன்று பொருள்களை வெளியே விடுகின்றன. ஒன்று வினாகிரியில் உள்ள அசற்றிக்கமிலம் போன்ற புளிப்பு அமிலங்கள். இரண்டாவது காபனீரொட்சைட்டு வாயு. மூன்றாவது ஐதரசன்.

குளொஸ்ரீடியம், என்டரோபாக்டர் என்னும் இனங்கள் இந்த வேலையில் பேர் போனவை. இவற்றுக்கு வெளிச்சம் தேவையில்லை. சாதாரண வெப்பநிலையே போதும், நம் ஊர் வெயில் இவற்றுக்கு நன்றாக ஒத்துவரும். தண்ணீர் தொட்டிக்குள் அரை நாள் அல்லது ஒரு நாள் தங்கினால் வேலை முடிந்துவிடும். இந்தியாவில் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தேபப்ரத தாஸ் குழுவினர் என்டரோபாக்டர் இனத்தின் ஒரு வகையைக் கொண்டு பல வருடங்களாக ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டு முதல் முடிவுகளை வெளியிட்டு வந்துள்ளனர். ஹைதராபாத்திலுள்ள இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வெங்கட மோகன் குழுவினர் பலவகைத் தொழிற்சாலைக் கழிவு நீரை இதே வழியில் சோதித்துள்ளனர்.

ஒரு சிக்கல் உண்டு. இயற்கையில் இந்தப் பக்டீரியாக்கள் தனியே வாழ்வதில்லை. இவை வெளியிடும் ஐதரசனை உடனே பிடித்துத் தின்று, அதை மெதேன் வாயுவாக மாற்றும் வேறு நுண்ணுயிர்கள் அதே சேற்றில் இருக்கின்றன. மாட்டுச் சாணத் தொட்டியில் கிடைக்கும் காஸ் இந்த மெதேன்தான். ஐதரசன் மட்டும் வேண்டுமென்றால் மெதேன் செய்பவற்றை ஒழித்துக்கட்ட வேண்டும். அதற்காகச் சேற்றை முதலில் கொதிக்க வைப்பார்கள். குளொஸ்ரீடியம் வித்துப் போல உறைந்து தப்பிவிடும், மற்றவை இறந்துபோகும். பின்னர் தண்ணீரின் புளிப்பை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் இது எளிது. தினமும் வேறு வேறு கழிவு வந்து சேரும் கடையில் எளிதல்ல.

நொதித்தல் என்றதும் சிலர் சங்கடப்படுகிறார்கள். இங்கு நோக்கம் மது தயாரிப்பதல்ல, வாயு எடுப்பது. தொட்டியில் மிஞ்சுவது புளித்துப்போன அழுக்குத் தண்ணீர். சில பக்டீரியாக்கள் சிறிதளவு அல்கஹோலையும் விடுவதுண்டு, ஆனால் யாரும் அதைக் குடிக்கப் போவதில்லை. மார்க்க ரீதியான தெளிவு வேண்டுபவர்கள் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம். என் வேலை கணக்கைச் சொல்வது.

நெல்லிக்குப்பத்தில் நடந்தது

ஆய்வுகூடக் குடுவையில் நடந்ததை வைத்து வியாபாரி முடிவெடுக்க முடியாது. பெரிய தொட்டியில் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். அப்படியொரு முயற்சி நமக்கு அக்கரையிலேயே, தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது.

சென்னை தரமணியில் உள்ள முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தினர், இந்திய மத்திய அரசின் ஆதரவுடன் இந்தப் பரிசோதனையைச் செய்தனர். கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் என்னும் ஊரில் ஈ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் பழம்பெரும் சீனி ஆலை இருக்கிறது. சீனி ஆலையின் பாகுக் கழிவை வைத்து இயங்கும் வடிசாலையின் கழிவு நீரைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டனர். இந்தக் கழிவு நீர் கடும் நிறமும் நாற்றமும் கொண்டது, அகற்றுவது பெரும் தலையிடி. முதலில் சிறிய தொட்டி, பின்னர் 12.5 கன மீற்றர் தொட்டி, அதன் பின்னர் 100 கன மீற்றர் தொட்டி என்று படிப்படியாகப் போனார்கள். 100 கன மீற்றர் என்றால் ஓர் இலட்சம் லீற்றர், அதாவது 10,000 லீற்றர் பவுசர் பத்து. மூன்று வகைப் பக்டீரியாக்களை ஒன்றாகச் சேர்த்து விட்டார்கள். வத்சலா, மோகன்ராஜ், மணிமாறன் ஆகிய ஆய்வாளர்கள் 2008இல் இதன் முடிவை வெளியிட்டனர்.

ஒரு தடவை நிரப்பிய அந்தத் தொட்டியிலிருந்து சுமார் 40 மணித்தியாலத்தில் 21.38 கிலோ ஐதரசன் கிடைத்தது. ஒரு மணித்தியாலத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இந்தத் துறையில் இது பாராட்டத்தக்க சாதனை. தூய்மையான ஆய்வுகூடத்துக்கு வெளியே, உண்மையான ஆலைக் கழிவில், உண்மையான அளவுத் தொட்டியில் இது நடக்கும் என்று காட்டினார்கள். அந்த வகையில் அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இப்போது அதை நம் பாஷையில் மாற்றிப் பார்ப்போம். ஒரு கிலோ ஐதரசன், ஏறக்குறைய 2.6 கிலோ சமையல் காஸுக்குச் சமமான வெப்பத்தைத் தரும். அப்படியானால் 21.38 கிலோ ஐதரசன் சுமார் 56 கிலோ சமையல் காஸுக்குச் சமம். 12.5 கிலோ சிலிண்டரில் சொன்னால் நாலரைச் சிலிண்டர். பத்து பவுசர் கழிவு நீர், பெரிய தொட்டி, பயிற்சி பெற்ற விஞ்ஞானிகள், 40 மணித்தியாலம். கிடைத்த வெப்பம் நாலரைச் சிலிண்டர்.

மிச்சம் எங்கே போயிற்று?

அந்தத் தொட்டியில் பக்டீரியா தின்ற சீனியின் எடை கிட்டத்தட்ட 695 கிலோ. அந்தச் சீனியில் அடங்கியிருந்த சக்தியில் நாலில் ஒரு பங்குதான் ஐதரசனாக வெளியே வந்தது. மிகுதி பெரும்பாலும் புளிப்பு அமிலங்களாகத் தண்ணீருக்குள்ளேயே தங்கிவிட்டது. இது ஆய்வாளர்களின் குறையல்ல, பக்டீரியாவின் இயல்பு. எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், ஒரு பங்கு குளுக்கோசிலிருந்து நாலு பங்கு ஐதரசனுக்கு மேல் இந்த முறையில் எடுக்க முடியாது. நடைமுறையில் இரண்டு கிடைத்தாலே நல்லது. நெல்லிக்குப்பத்தில் கிடைத்தது 2.76.

அதே 695 கிலோ சீனியை மெதேன் செய்யும் நுண்ணுயிர்களிடம் விட்டிருந்தால், ஓரளவு விரயத்தைக் கழித்த பின்னரும் சுமார் 160 கிலோ சமையல் காஸுக்குச் சமமான வாயு கிடைத்திருக்கும். அது ஏறக்குறைய 13 சிலிண்டர். காலம் மட்டும் கூடுதலாக எடுக்கும்.

சாதாரண கணக்காக இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவு நீரில் இருக்கும் ஒரு கிலோ சீனியை ஐதரசனாக்கினால் 60 கிராம் சமையல் காஸின் வெப்பம். மெதேனாக்கினால் 240 கிராம் சமையல் காஸின் வெப்பம். ஒன்றுக்கு நாலு.

இதைவிட முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. ஐதரசன் எடுத்த பின்னரும் தண்ணீர் அழுக்காகவே இருக்கும். அதன் அழுக்குச் சுமை சிறிதளவே குறையும். அந்தத் தண்ணீரை அப்படியே குழியில் விட்டால் கிணற்றுக்குப் புளித்த அழுக்குப் போகிறது, அவ்வளவுதான். எரிபொருளும் எடுத்தோம், சுற்றாடலையும் காத்தோம் என்று யாராவது ஐதரசனை மட்டும் காட்டிச் சொன்னால் அந்தக் கூற்றில் பாதிதான் உண்மை.

ஐதரசனை அடைத்து வைப்பது

எடுத்த வாயுவை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. தொட்டியிலிருந்து வருவது தனி ஐதரசன் அல்ல, காபனீரொட்சைட்டும் சேர்ந்தே வரும். அதைப் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ ஐதரசன் சாதாரண அமுக்கத்தில் 11, 12 கன மீற்றர் இடத்தை அடைக்கும். அது ஒரு சிறிய அறை. சிலிண்டரில் அடைக்க வேண்டுமானால் மிக உயர்ந்த அமுக்கம் கொடுக்கும் இயந்திரம் வேண்டும். வாயுக்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று என்பதால் மூட்டுகளிலும் வால்வுகளிலும் கசியும், சில வகை உருக்கை நாளடைவில் பலவீனப்படுத்தும். காற்றில் 4 வீதம் முதல் 75 வீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. நம் அடுக்களை அடுப்பின் பேணரில் அதை விட்டால் தீ குழாய்க்குள் திரும்பி ஓடும் ஆபத்து உண்டு. 2021 இறுதியில் சமையல் காஸின் கலவை மாறியதால் வீடுகளில் ஏற்பட்ட வெடிப்புகளை நாடே பார்த்தது. அடுப்பு ஒரு வாயுவுக்கும் உள்ளே போவது இன்னொரு வாயுவுமாக இருக்கக் கூடாது.

மெதேன் அவ்வளவு முரட்டுத்தனமானதல்ல. சாண வாயு அடுப்பு இலங்கையில் பல காலமாகப் பாவனையில் உள்ளது. ஏக்கலையில் இயங்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோல் போன்ற உலர்ந்த கழிவிலிருந்து வாயு எடுக்கும் முறையொன்றையும் உருவாக்கியிருக்கிறது. திருத்துவதற்கு ஆள் கிடைக்கும் என்பது வியாபாரிக்குப் பெரிய விடயம்.

அப்படியானால் ஐதரசனுக்கு எதிர்காலமே இல்லையா?

இருக்கிறது. இரண்டு தொட்டி முறை என்று ஒன்று உண்டு. முதலாவது சிறிய தொட்டியில் ஒரு நாளுக்குள் சீனியை அமிலமாக்கி, வரும் ஐதரசனைப் பிடிப்பது. பின்னர் அந்தப் புளித்த தண்ணீரைப் பெரிய இரண்டாவது தொட்டிக்கு அனுப்பி மெதேன் எடுப்பது. இப்படிப் பிரித்து வைத்தால் இரண்டாவது தொட்டியின் வேலை சீராக நடக்கிறது, மொத்தச் சக்தியும் கூடுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் கலந்த வாயுவை வாகனங்களிலும் பாவிக்கலாம். டெல்லியில் 2020 ஒக்டோபரில் ஐதரசன் கலந்த இயற்கை வாயுவில் 50 பஸ்களை ஓட்டும் பரிசோதனை ஆரம்பிக்கப்பட்டது. அந்த ஐதரசன் பக்டீரியாவிலிருந்து வந்ததல்ல என்றாலும், கலப்பு எரிபொருள் வீதியில் ஓடும் என்பதை அது காட்டியது.

ஆகவே இன்று நல்ல மெதேன் தொட்டி ஒன்றைக் கட்டுபவர், நாளை ஐதரசன் முறை மலிவானால் அதன் முன்னால் சிறிய தொட்டி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்று ஐதரசன் இயந்திரத்தை மட்டும் வாங்குபவர் நாளைக்கும் இரண்டாவது தொட்டியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

எந்தக் கழிவு எதற்கு உதவும்?

எல்லாக் கழிவும் ஒன்றல்ல. கஞ்சித் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், நெல் ஊறிய தண்ணீர், பழச் சக்கை கழுவிய தண்ணீர், இனிப்புப் பண்டம் செய்த பாத்திரம் கழுவிய தண்ணீர் ஆகியவற்றில் மாப்பொருளும் சீனியும் உண்டு. ஐதரசனுக்கும் மெதேனுக்கும் இவை ஏற்றவை. ஒரு தொன் நெல்லை ஊறவைக்க ஏறக்குறைய 1,000 லீற்றர் தண்ணீர் போகிறது. அரிசி ஆலைக்காரருக்கு அடுப்பெரிக்க உமி இருப்பதால் அவருக்கு வாயு அவ்வளவு அவசியமில்லை. ஆனால் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் தேவை அவருக்குத்தான் மிக அதிகம்.

இறைச்சி, மீன் கழிவு நீரில் இருப்பது புரதமும் கொழுப்பும். இவற்றிலிருந்து ஐதரசன் கிடைப்பது மிகக் குறைவு. மெதேன் கிடைக்கும். ஆனால் இரத்தமும் குடலும் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அமோனியா கூடி நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். மரக்கறிக் கழிவோடு கலந்து அளவாக இட வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் குர்பான் கழிவுகளை ஒரே நாளில் ஒரே குழியில் புதைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் நிலத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், அது எங்கே போய்ச் சேரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீரையும் நிலம் கழுவும் குளோரீன் தண்ணீரையும் எந்தத் தொட்டியிலும் விடக் கூடாது. அவை பக்டீரியாவுக்கு நஞ்சு. தனி வாய்க்கால் வேண்டும்.

ஒரு சாப்பாட்டுக் கடையின் கணக்கு

ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு நடுத்தரச் சாப்பாட்டுக் கடையில் நாளொன்றுக்கு 200 லீற்றர் கஞ்சித் தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும், 30 கிலோ மிச்சச் சாப்பாடும் மரக்கறிக் கழிவும் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் மாப்பொருள் என்றால் மொத்தம் 2 கிலோ மாப்பொருள்.

அந்தத் தண்ணீரில் ஐதரசன் மட்டும் எடுத்தால் ஒரு சிலிண்டரின் வெப்பத்தைச் சேர்க்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதே தண்ணீரை மெதேனாக்கினால் ஏறக்குறைய 26 நாள். 30 கிலோ சாப்பாட்டுக் கழிவையும் சேர்த்தால் அதிலிருந்து சுமார் 3 கன மீற்றர் வாயு நாளாந்தம் வரும். எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 1.8 கிலோ சமையல் காஸுக்குச் சமம், அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு சிலிண்டர்.

வருடத்துக்கு 52 என்று உடனே எழுதிவிட வேண்டாம். நோன்பு மாதத்தில் பகல் வியாபாரம் குறையும், தொட்டிக்குப் போகும் கழிவும் குறையும். சுத்தப்படுத்தும் நாட்கள், ஊழியர் விடுமுறை எல்லாம் இருக்கின்றன. 40 சிலிண்டர் என்று வையுங்கள். 40ஐ இன்றைய சிலிண்டர் விலையால் பெருக்குங்கள். தொட்டி கட்டும் மொத்தச் செலவை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்பது தெரியும். மூன்று வருடத்துக்குள் திரும்பினால் யோசிக்கலாம். ஐந்து வருடத்தைத் தாண்டினால், கிணற்றைக் காப்பாற்றும் செலவாக அதைக் கருத மனமிருப்பவர் மட்டும் இறங்கலாம்.

இடமும் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 230 லீற்றர் உள்ளே போய் 30 நாள் தங்க வேண்டுமானால் தொட்டிக்கு ஏறக்குறைய 7,000 லீற்றர் கொள்ளளவு தேவை. தொட்டி நீர் கசியாததாக இருக்க வேண்டும். யாழ்ப்பாண மண்ணில் கசியும் தொட்டியும் திறந்த குழியும் ஒன்றுதான். வாயு தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. அங்கே மூச்சுக்குக் காற்று இருக்காது, நச்சு வாயுவும் இருக்கும்.

மிஞ்சும் சேற்று நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நல்ல உரம். ஆனால் கழிவிலிருந்த நைதரசன் முழுவதும் அதில்தான் இருக்கிறது, வாயுவோடு அது போய்விடுவதில்லை. அதைக் குழியில் விட்டால் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கே வரும். வெங்காயமோ மிளகாயோ செய்யும் தோட்டக்காரர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி, அவர் வாங்கும் உரத்தைக் குறைத்து அளவாகப் பாவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாதவர் தொட்டி கட்டத் தொடங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பணம் போடுமுன் கேட்க வேண்டியவை

ஐதரசன் இயந்திரம், அதிசய பக்டீரியாத் தூள் என்று விற்பனையாளர்கள் வந்தால் கோபப்படத் தேவையில்லை. உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து இவற்றைக் கேளுங்கள்.

1. என் கழிவு நீரைச் சோதித்தீர்களா? அதில் எவ்வளவு சீனி, எவ்வளவு அழுக்குச் சுமை? சோதனை அறிக்கை எங்கே? கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் நாமே சோதித்துக்கொள்ளவும் முடியும்.

2. ஒரு கிலோ சீனிக்கு எவ்வளவு வாயு தருவீர்கள்? குளுக்கோசு ஒரு பங்குக்கு ஐதரசன் நாலு பங்குக்கு மேல் என்று சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

3. வெளியேறும் தண்ணீரின் நிலை என்ன? உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவு நீருக்கு இரசாயன ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு நியமம். அந்த அளவுக்குக் கொண்டு வருவீர்களா? எழுத்தில் தருவீர்களா?

4. இது ஒரு வருடமாக ஓடும் இடம் ஒன்றைக் காட்ட முடியுமா? படம் அல்ல, இடம்.

5. பழுதானால் யாழ்ப்பாணத்துக்கு யார் வருவார்?

தொழிலின் வகையையும் அளவையும் பொறுத்து, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவைப்படும். தொட்டி கட்டுவதற்கு முன்னரே மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் மாநகர சபை அல்லது பிரதேச சபையிடமும் விசாரித்துவிடுவது நல்லது. கட்டிய பின்னர் விசாரித்தால் செலவு இரண்டு மடங்கு.

ஒருவரால் முடியாதது பலரால் முடியும்

7,000 லீற்றர் தொட்டிக்கு இடமில்லாத கடைகள்தான் நம்மிடம் அதிகம். ஒரே வீதியில் நாலைந்து சாப்பாட்டுக் கடைகள், இரண்டு பழரசக் கடைகள், ஓர் இறைச்சிக் கடை இருக்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியே குழி தோண்டுவதை விட, சந்தைக்குப் பக்கத்தில் பொதுத் தொட்டி ஒன்று வைத்தால் இறைச்சிக் கழிவும் மரக்கறிக் கழிவும் தாமாகவே சரியான அளவில் கலந்துவிடும். வர்த்தகர் சங்கம் ஒன்று முன்னின்று சபையோடு பேசினால் நடக்காத காரியமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. மாணவர்களின் ஆய்வுக்கு உண்மையான கழிவு நீரும் உண்மையான தொட்டியும் கொடுக்கும் வியாபாரிகளை அவர்கள் வரவேற்பார்கள். ஐதரசன் பரிசோதனைக்குரிய சிறிய முன்தொட்டியை அங்கே, அவர்களின் கையில், வைப்பதுதான் முறை. பரிசோதனையின் நட்டத்தை ஒரு சாப்பாட்டுக் கடை தாங்கக் கூடாது.

முதற்படியாக இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, அதற்குப் பணம் தேவையில்லை. ஏழு நாட்களுக்கு உங்கள் கடையில் எத்தனை வாளி கஞ்சித் தண்ணீர், எத்தனை கிலோ மிச்சச் சாப்பாடு, எத்தனை வாளி சவர்க்காரத் தண்ணீர் போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கூடவே அந்த ஏழு நாளில் காஸுக்கும் தண்ணீருக்கும் கொடுத்த பணத்தையும் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு வருபவரிடம் எந்த விற்பனையாளரும் மிகைப்படுத்திப் பேச முடியாது.